ஒரு சுருளுக்கு இரண்டே முக்கால் நிமிடம்: யூதக் குடியேறிகளின் ஆட்டங்களைப் படத்தில் காப்பது எப்படி?

காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தட்டுகிறார். சுவரை ஒட்டி நாலு பக்கமும் ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அடுத்த அடியை வாங்கிப் பாடுகிறார்கள். நடுவில் மிஞ்சியிருப்பது ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அதில் இரண்டு பேர் எழுந்து ஆடுகிறார்கள். கால் அதிக தூரம் போவதில்லை. முழங்கால்தான் மடங்கி மடங்கி எழும்புகிறது. உடம்பு முழுக்கத் தண்ணீரில் மிதக்கும் கட்டைபோல மேலும் கீழும் அசைகிறது. கையும் விரலும் பாட்டுக்கு ஏற்றபடி ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றன. பாட்டு மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கிறது.

இது ஏமன் நாட்டிலிருந்து வந்த யூதர்களின் கல்யாண வீடு. தகரம் எதற்கு என்று கேட்கலாம். கி.பி. 70-இல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அந்தத் துக்கத்தை மறக்காமலிருக்க இசைக்கருவிகளைத் தவிர்க்கும் வழக்கம் ஏமன் யூத ஆண்களிடம் உறுதியாக இருந்தது. தகரமும் தாம்பாளமும் இசைக்கருவிக் கணக்கில் வராதே! துக்கமும் காப்பாற்றப்பட்டது, தாளமும் கிடைத்தது.

இப்போது இந்த அறைக்குள் ஒரு கேமராவை எங்கே வைப்பது? பின்னால் நகர்ந்தால் சுவர் முதுகில் இடிக்கிறது. ஆடுபவரின் முழு உருவமும் தெரிய வேண்டுமானால் வாசலுக்கு வெளியே போக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள்தான் தெரியும். விளக்கு வெளிச்சமும் போதாது. எல்லோரையும் பகலில் முற்றத்துக்கு வரச் சொல்லி ஆடவைத்தால் வெளிச்சம், இடம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அந்த ஆட்டம் அப்படி அடக்கமாக, இருந்த இடத்திலேயே துள்ளும் ஆட்டமாக உருவானதற்குக் காரணமே அந்தச் சின்ன அறைதான். இடம் விரிந்ததும் கால் தானாக விரியும். படம் கிடைக்கும், ஆட்டம் வேறொன்றாகிவிடும்.

நாட்டார் ஆட்டங்களைப் படம்பிடித்துப் பாதுகாப்பது என்ற வேலையின் சிக்கல் பெரும்பாலும் இந்த ஓர் அறைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இங்கிருந்து தொடங்கினேன்.

எதற்காக அவசரம்?

பானையை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். பாட்டின் சொற்களை நோட்டில் எழுதலாம். ஆட்டத்துக்கு அந்த வசதி இல்லை. ஆடும் உடம்பு ஆடிக்கொண்டிருக்கும்வரைதான் அது இருக்கிறது. பாட்டி ஆடியதைப் பேத்தி பார்க்க வேண்டும், கூட ஆட வேண்டும், தவறு செய்து சிரிப்புக்கு ஆளாக வேண்டும். அந்தச் சங்கிலி ஒரு தலைமுறை அறுந்தால் போதும், பிறகு ஒட்டவைப்பது கடினம்.

யூதச் சமூகங்களுக்கு இந்த அறுபடல் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பல இடங்களில் நடந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தவர்கள் அவர்கள். ஏமனில் இருந்தவர்களின் ஆட்டம் ஏமன் சாயலில், குர்திஸ்தான் மலைகளில் இருந்தவர்களின் ஆட்டம் குர்து சாயலில், புகாராவில் இருந்தவர்களின் ஆட்டம் மத்திய ஆசியச் சாயலில் வளர்ந்திருந்தது. 1948-இல் இஸ்ரேல் உருவானதும் இந்தச் சமூகங்கள் ஊரோடு பெயர்ந்தன. 1949 ஜூனிலிருந்து 1950 செப்டம்பர் வரை ஏமனிலிருந்தும் ஏடனிலிருந்தும் சுமார் 49,000 பேர் விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். 1950, 51-இல் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். குர்து மலைக் கிராமத்து யூதர்களும் அவர்களில் உண்டு. மொராக்கோவிலிருந்து அலை அலையாக வந்தவர்கள் தனி. எத்தியோப்பியர்கள் பிந்தியவர்கள். அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டோர் 1991 மே மாதத்தில் ஏறத்தாழ 36 மணி நேரத்துக்குள் வந்திறங்கினார்கள்.

வந்தவர்களுக்குக் கிடைத்தது கூடார முகாம். ஏமன் மக்களில் பலர் ரோஷ் ஹாஅயின் என்ற இடத்தில், முன்பு பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாக இருந்த நிலத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். ஊரில் கல்யாணம் என்றால் நாள்கணக்கில் நடக்கும். மருதாணி இரவு ஒன்று, அதற்கென்று பாட்டு, அதற்கென்று உடை. முகாமில் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். ஆட்டம் மறக்கப்படுவதற்கு யாரும் அதைத் தடைசெய்ய வேண்டியதில்லை. அதை ஆடும் சந்தர்ப்பம் போனால் போதும்.

இன்னொரு பக்கம், எல்லோரையும் ஒரே அச்சில் புதிய இஸ்ரேலியராக வார்த்துவிட வேண்டும் என்ற வேகம் அன்றைய அரசிடம் இருந்தது. முகாம்களில் ஏமன் சிறுவர்களின் காதோரச் சுருள்முடி வெட்டப்பட்டது பெரிய சர்ச்சையாகி, 1950-இல் விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. தாத்தாவின் தலைமுடியையே பழசு என்று சொன்ன சூழலில் தாத்தாவின் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்?

கேமராவோடு போன பெண்மணி

இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் குரீத் காட்மன். 1897-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். 1920-இல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறினார். 1944 கோடையில் தாலியா என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், முதல் நாட்டார் நடன விழாவைக் கூட்டியவர் அவர்தான். சுமார் 200 பேர் ஆடினார்கள். ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் ஆட்டமா என்று கடும் எதிர்ப்பும் கிளம்பியது. ஆனாலும் விழா நடந்தது.

அந்த விழாவில் ஆடப்பட்டவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய நாட்டு ஆட்டங்கள்தான். நமக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாகப் புதிய ‘இஸ்ரேலிய நாட்டார் நடனங்கள்’ உருவாக்கப்பட்டன. உருவாக்கியவர்கள் பலரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். கிழக்கத்திய சாயலுக்காக அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ஏமன் அடிவைப்பு. அது இன்றும் உலகெங்கும் இஸ்ரேலிய நடன வகுப்புகளில் ‘ஏமனைட் ஸ்டெப்’ என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது: பக்கவாட்டில் ஓர் அடி, மறு கால் அருகில், முதல் கால் குறுக்கே, பிறகு ஒரு நிறுத்தம். மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் அந்தச் சின்ன அறையில் ஆடியவர்களிடம் அது இப்படி எண்ணிவைத்த ஒற்றை அடியாக இல்லை. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், பாட்டுக்குப் பாட்டு மாறுவது அது. தலைநகர் சனா பக்கத்து ஆட்டம் ஒரு மாதிரி. தென்கிழக்கே ஹபான் ஊர்க்காரர்களின் ஆட்டம் முற்றிலும் வேறு மாதிரி.

காட்மனிடம் எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுவது இதுதான். புதிய நடனங்களை வளர்த்த இயக்கத்தின் தலைவியே, பழையவை கண்ணெதிரே கரைவதைக் கண்டு கேமராவைத் தூக்கினார். முகாம்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் போய் ஒவ்வொரு சமூகத்தின் ஆட்டத்தையும் படம்பிடித்தார். பாட்டையும் தாளத்தையும் பதிவுசெய்ய இசை ஆய்வாளர் எஸ்தர் கெர்சன்-கிவி துணைநின்றார். பெர்லினில் பிறந்த இந்த எஸ்தருக்கு அந்த வேலை புதிதல்ல. 1935-இல் ஜெருசலேமுக்கு வந்து கீழ்த்திசை இசைக்கான ஒலிக்காப்பகத்தைத் தொடங்கிய ராபர்ட் லாஹ்மனிடம் பயின்றவர் அவர். ஆட்டத்தை ஒருவரும் ஓசையை ஒருவருமாகப் பங்குபோட்டுக்கொண்ட அந்த ஏற்பாடு முக்கியமானது. காட்மனுக்கு 1981-இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது. 1987-இல் மறைந்தார்.

சுருளின் கணக்கு

இன்று கைப்பேசியில் ஒரு மணி நேரம் படம்பிடிக்கிறோம். அன்று நிலைமை வேறு. அது தெரியாவிட்டால் பழைய நடனப் படங்களைப் பார்க்கும்போது பல விஷயங்கள் புரியாது.

களப்பணிக்கு எடுத்துப்போகக்கூடிய கேமரா 16 மி.மீ. கேமரா. அதில் போடும் சாதாரணச் சுருள் 100 அடி நீளம். ஓர் அடியில் 40 பிரேம், அதாவது 40 தனித்தனிப் படங்கள், ஆகச் சுருளில் 4,000 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் வீதம் ஓடினால் இரண்டே முக்கால் நிமிடத்தில் சுருள் தீர்ந்துவிடும். அதோடு, அப்போது பரவலாக இருந்த கேமராக்கள் கடிகாரம்போலச் சாவி கொடுத்து ஓட்டுபவை. ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம்கூட முழுதாக ஓடாது. நின்று, முறுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன கல்யாண ஆட்டம் மெதுவாகத் தொடங்கி அரை மணி நேரம் ஏறிக்கொண்டே போகக்கூடியது. அதில் எந்த அரை நிமிடத்தைப் பிடிப்பது? பெரும்பாலும் வேகமான, கண்ணைக் கவரும் பகுதிதான் சுருளில் ஏறும். மெதுவான தொடக்கம் விட்டுப்போகும். ஐம்பது வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர் ஏமன் ஆட்டம் என்றாலே துள்ளல்தான் என்று நினைத்துக்கொள்வார். அந்த ஏற்றத்தில்தான் உயிரே இருந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

வேகத்தில் இன்னொரு பொறி உண்டு. சுருளை மிச்சம்பிடிக்க வினாடிக்கு 16 பிரேமில் படம்பிடிப்பார்கள். அப்போது அதே சுருள் நாலு நிமிடத்துக்கு மேல் வரும். ஆனால் அந்தப் படத்தை 24 பிரேம் வேகத்தில் போட்டுக் காட்டினால் ஆட்டம் ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியும். பழைய ஊமைப் படங்களில் மனிதர்கள் பொம்மைபோல விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்திருப்போம் அல்லவா, அதேதான். நகைச்சுவைப் படத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். நடன ஆவணத்தில் அது பொய்ச்சாட்சி. எழுபது வயதுப் பெரியவர் நிதானமாக முழங்காலை மடக்கி எழுந்தது, படத்தில் இளைஞனின் குதிப்பாக மாறிவிடும்.

ஓசை வேறு கதை. சாவி கொடுக்கும் கேமராவில் ஒலிப்பதிவு கிடையாது. ஓடும்போது அது போடும் கடகடச் சத்தம்தான் மிச்சம். பாட்டைத் தனியாக ஒலிநாடாவில் பிடிப்பார்கள். பெட்டகத்தில் படம் ஓரிடத்திலும் நாடா ஓரிடத்திலும் போய்ச் சேர்ந்துவிட்டால், எந்தப் பாட்டுக்கு எந்த ஆட்டம் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தகரம் தட்டுபவரின் கை சட்டகத்துக்குள் இருந்தால் பிழைத்தோம். கை இறங்கும் பிரேமையும் நாடாவில் தட்டு விழும் கணத்தையும் பொருத்தி, வேகத்தைக்கூட அதைவைத்தே சரிசெய்யலாம். ஆட்டத்தை எடுக்கப் போனவர் தற்செயலாக ஓரத்தில் பிடித்த ஒரு கை, பிற்காலத்தில் முழுச் சுருளையும் காப்பாற்றலாம்.

ஆட்டம் உடம்பில் எங்கே இருக்கிறது?

புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் கேமராவைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள். அதைவிட முந்திய கேள்வி இது. ஏனென்றால் ஒவ்வொரு சமூகத்தின் ஆட்டமும் உடம்பின் வெவ்வேறு இடத்தில் குடியிருக்கிறது.

குர்திஸ்தான் யூதர்களின் ஆட்டம் வரிசை ஆட்டம். ஆணும் பெண்ணும் கலந்து, கைகோத்து, தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஊதலுக்கு சூர்னா, அடிக்கு தோலா என்ற பெரிய மேளம். வரிசையின் முனையில் இருப்பவர் கைக்குட்டையைச் சுழற்றியபடி வழிநடத்துவார். இங்கே ஒருவரின் முகத்தை நெருங்கிப் படம்பிடித்து என்ன பயன்? வரிசை முழுக்க ஒரே மூச்சாக முன்னும் பின்னும் அசைவதுதான் ஆட்டம். கேமரா தூரத்தில், சற்று உயரத்தில் இருக்க வேண்டும்.

எத்தியோப்பிய யூதர்களிடம் இதையே செய்தால் ஒன்றும் தெரியாது. எஸ்கெஸ்தா என்ற அவர்களின் ஆட்டம் தோளில் நடக்கிறது. தோள் துடிக்கிறது, கழுத்தும் மார்பும் அதற்குப் பதில் சொல்கின்றன, கால் சும்மா நின்றால்கூடப் போதும். வெள்ளை ஆடைக்குள் நடக்கும் அந்தத் துடிப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குளிரில் நடுங்குவதுபோல இருக்கும். 1990-களில் இந்த ஆட்டங்களை ஆராய்ந்து வீடியோவில் பதிவுசெய்த ரூத் எஷெல் தாமே நடனக் கலைஞர். எத்தியோப்பிய மாணவர்களைக் கொண்டு ஹைஃபா பல்கலைக்கழகத்தில் எஸ்கெஸ்தா என்ற பெயரிலேயே நடனக் குழுவையும் தொடங்கினார். ஆடத் தெரிந்தவர் படம்பிடிக்கும்போது கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்பதை உடம்பே சொல்லிக்கொடுத்துவிடும்போல.

புகாரா பெண்களுக்கு மணிக்கட்டும் விரலும். ஏமன் ஆண்களுக்கு முழங்கால். ஆனால் நீண்ட அங்கி முழங்காலை மறைத்துவிடும். அப்போது தலை எந்த அளவு எழுந்து தாழ்கிறது என்பதை வைத்துத்தான் துள்ளலை அளக்க முடியும். தலையை வெட்டிவிட்டுக் காலை மட்டும் எடுத்த படத்தில் இரண்டும் போச்சு.

கேமரா நுழைய முடியாத நாள்கள்

யூத மார்க்கத்தில் சனிக்கிழமை, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, ஓய்வுநாள். அன்று வேலை செய்யக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. மரபு வழி நடப்பவர்கள் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தொடவிடமாட்டார்கள். பெருநாள்களுக்கும் இதே விதி. இதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள்: ஆண்டிலேயே ஆட்டத்துக்கென்று பேர்போன திருநாள் சிம்ஹத் தோரா. தோரா என்ற வேத ஏட்டுச்சுருளைக் குழந்தைபோலத் தோளில் ஏந்திக்கொண்டு தொழுகைக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடும் நாள். அந்த நாளைத்தான் படம்பிடிக்க முடியாது.

இதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். இஸ்ரேலில் திருநாள் முடிந்த அன்று இரவே ‘இரண்டாம் சுற்று’ என்று மறுபடி ஒரு கொண்டாட்டம் நடக்கும். அப்போது விளக்கு, மேளம், ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் வரலாம். ஆனால் வாத்தியம் வந்ததும் ஆட்டத்தின் வேகமும் மாறுகிறது. திருநாள் அன்று வெறும் தொண்டையும் கால் தட்டும்தான்.

ஆக, ஆவணக்காப்பகத்தில் கல்யாண ஆட்டங்கள் குவிந்திருக்கும், திருநாள் ஆட்டங்கள் அரிதாக இருக்கும். அவர்கள் கல்யாணத்தில் மட்டும்தான் ஆடினார்கள் என்று அதற்குப் பொருளில்லை. எத்தியோப்பியர்களின் சிக்த் திருநாளுக்கு இந்தத் தடை இல்லை. யோம் கிப்பூர் நோன்பிலிருந்து 50 நாள் கழித்து வரும் அந்த நாளில் பல வண்ணக் குடைகளின் கீழ் அவர்களின் குருமார்கள் வழிபாடு நடத்துவதை எத்தனையோ கேமராக்கள் பதிவுசெய்திருக்கின்றன.

பெண்கள் பக்கம் இன்னொரு கதவு. ஏமன் பெண்கள் தனியாக, பெண்கள் மத்தியில்தான் ஆடுவார்கள். ஆண்களின் பாட்டு ‘திவான்’ என்ற கையெழுத்துத் தொகுப்புகளில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடல்கள் அதில் நிறைய. பெண்களின் பாட்டோ அரபு மொழியில், எழுத்தில் இல்லாமல் வாய்வழியாக வந்தது. தோல்மேளமும் செப்புத்தட்டும் அவர்களே வாசிப்பார்கள். நடுநடுவே குலவை எழும். இந்த அறைக்குள் ஆண் ஒருவர் கேமராவோடு போனால் அந்த நிமிடமே அது வேறு நிகழ்ச்சியாகிவிடும். காட்மனும் கெர்சன்-கிவியும் பெண்களாக இருந்தது, ஆகவே, சின்ன விஷயமில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறிய, மரபில் மிகுந்த பிடிப்புள்ள ஹசிதிய யூதர்களிடம் இதன் இன்னொரு வடிவம் உண்டு. கல்யாண இரவு வெகுநேரம் கழிந்தபின் மணமகள் அசையாமல் நிற்பாள். குடும்பத்து ஆண்கள் ஒவ்வொருவராக, நீண்ட துணிக்கச்சையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் முன் ஆடுவார்கள். மறுமுனை அவள் கையில். நடுவில் இருக்கும் அந்தத் துணியின் நீளமும் தொய்வும்தான் இந்த ஆட்டத்தில் பார்க்க வேண்டியது. ஆடுபவரை மட்டும் பிடித்தால் பாதிதான் கிடைக்கும்.

மேடைக்குப் போன ஆட்டம்

ஏமன் பெற்றோருக்கு ஜெருசலேமில் பிறந்த சாரா லெவி-தனாய் 1949-இல் இன்பால் நடனக் குழுவைத் தொடங்கினார். ஏமன் அசைவுகளிலிருந்து மேடைக்கான தனி மொழி ஒன்றை அவர் உருவாக்கினார். உலகம் சுற்றிப் புகழ்பெற்ற குழு அது. 1973-இல் அவருக்கும் இஸ்ரேல் பரிசு கிடைத்தது.

இன்பாலின் மேடைப் படங்கள் அழகானவை. ஆனால் அவற்றை ஏமன் கல்யாண ஆட்டத்தின் ஆவணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறையில் ஆடுபவர் எதிரே ஆடும் கூட்டாளியைப் பார்த்து ஆடுகிறார்; மேடையில் ஆடுபவர் இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து ஆடுகிறார். ஆட்டமே திரும்பி நிற்கிறது. இரண்டுக்கும் மதிப்புண்டு. காப்பகத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் ஒரே பெயரில் போட்டுவிடுவதுதான் குற்றம். இடைப்பட்டது ஒன்றும் இருக்கிறது: சமூகத்து ஆள்களே, ஆனால் கேமராவுக்காகப் பகலில், கல்யாணம் இல்லாத நாளில், திறந்த வெளியில் ஆடிக்காட்டியது. பழைய சுருள்களில் பல இந்த ரகம்தான். தப்பில்லை, வேறு வழியுமில்லை. ‘ஆடிக்காட்டியது’ என்று எழுதிவைத்திருந்தால் போதும்.

படம் மட்டும் போதாது என்று நினைத்தவர்களும் உண்டு. இசைக்கு ஸ்வரக்குறிப்பு இருப்பதுபோல அசைவுக்கும் எழுத்து வேண்டும் என்று நோவா எஷ்கோல் என்ற நடனக் கலைஞரும் அவ்ராஹாம் வாக்மன் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கி 1958-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு அங்கமும் மூட்டு ஒன்றைச் சுற்றிச் சுழலும் கோடு. அது எத்தனை பாகை திரும்புகிறது என்பதை எண்ணால் எழுதிவிடலாம் என்பது அடிப்படை. ஏமன் ஆட்டங்களையும் அவர்கள் இப்படி எழுதியிருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கணக்கு நோட்டுபோல இருக்கும். படம் ஒரு நாள் ஒருவர் ஆடியதைக் காட்டும்; இந்த எழுத்து, பலமுறை பார்த்து, எது மாறாமல் வருகிறது எது அவரவர் இஷ்டம் என்று பிரித்துச் சொல்ல முயலும். நேரில் பார்க்கும் சுகம் இதில் இல்லை. ஆனால் அங்கிக்குள் மறைந்த முழங்காலை இதில் எழுதிவிட முடியும்.

டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு

தொடங்குபவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லலாமென்றால் இதைச் சொல்வேன்: சுருளைவிடச் சீட்டு முக்கியம். யார் ஆடினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன சந்தர்ப்பம், உண்மையான நிகழ்ச்சியா ஆடிக்காட்டியதா, என்ன பாட்டு, எத்தனை பிரேம் வேகம், ஒலிநாடா எங்கே இருக்கிறது. ‘ஏமன் நடனம்’ என்று மட்டும் எழுதிய டப்பா கிட்டத்தட்ட ஊமை. சனாவா ஹபானா என்றுகூடத் தெரியாது.

யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்பதும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். பெண்கள் மட்டும் இருந்த அறையில் நம்பி ஆடியதை இன்று இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவது சரியா? ஆடியவரிடம் அன்று கேட்ட அனுமதி இதற்கும் சேர்த்துக் கொடுத்ததா? ‘பாதுகாத்தல்’ என்ற நல்ல பெயரில் இதைத் தாண்டிப்போய்விடுகிறார்கள் என்பது என் குறை.

சுருளின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். 16 மி.மீ. சுருள்கள் அசிட்டேட் அடித்தளம் கொண்டவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அந்தப் பொருள் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய்க் கடை வாசம் அடித்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு சுருள் சுருங்கும், வளையும், கேமராப் பற்சக்கரத்துக்கென்று போட்ட துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அந்த நிலையில் பழைய புரொஜெக்டரில் போட்டால் கிழிந்துவிடும். ஒரு டப்பாவின் ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும் என்பதால் நோயுற்றதைத் தனியே எடுத்து, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்து, சீக்கிரமே டிஜிட்டலுக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது அந்த 16, 24 கணக்கைத் தவறவிட்டால் பிழை நிரந்தரமாகிவிடும். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஸ்பீல்பெர்க் யூதத் திரைப்படக் காப்பகம், தேசிய நூலகத்தின் ஒலிக்காப்பகம், டெல் அவிவில் பெய்த் அரியேலா நூலகக் கட்டடத்திலுள்ள நடன நூலகம் போன்றவை இத்தகைய பொருள்களைத் தேடிப் போகக்கூடிய இடங்கள்.

கொச்சியிலிருந்து போனவர்கள்

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். கேரளத்தின் கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஊர்களில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போனார்கள். தெற்கே நெகேவ் பாலைப் பகுதியில் நெவாதிம் போன்ற குடியிருப்புகளில் பயிர்செய்து வாழ்ந்தார்கள்.

இவர்களின் பெண்களிடம் மலையாளப் பாட்டுகள் இருந்தன. கல்யாணப் பாட்டு, பைபிள் கதைப் பாட்டு, தொழுகைக் கூடத்தைப் புகழும் பாட்டு. பழந்தமிழ் வாடை வீசும் சொற்கள் நடுநடுவே வரும். தாயிடமிருந்து மகள் நோட்டில் எழுதியெடுத்துக் காத்துவந்தவை அவை. சில பாட்டுகளுக்குக் கைதட்டி வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். கும்மி பார்த்த கண்ணுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

லாட்வியாவில் பிறந்து, ஐரோப்பாவில் நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையில் தப்பி, நியூயார்க்கில் இசை ஆய்வாளராக இருந்த யோஹானா ஸ்பெக்டர் 1976-இல் கொச்சி யூதர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பத்தாண்டு கழித்து ஏமன் யூதர்களைப் பற்றியும் எடுத்தார். ஆய்வாளர்கள் பார்பரா ஜான்சன், ஸ்கறியா ஸக்கறியா முதலியோர் பெண்களின் நோட்டுகளையும் குரல்களையும் தேடித் தொகுத்தார்கள். 2004-இல் ஜெருசலேமிலிருந்து அந்தப் பாட்டுகளின் ஒலித்தொகுப்பு வெளிவந்தது. மலையாளம் பேசாத பேத்திகள் சிலர் பாட்டிகளோடு உட்கார்ந்து அவற்றைப் பாடக் கற்றார்கள்.

நோட்டுகளில் இருக்கும் எல்லாப் பாட்டுக்கும் மெட்டு கிடைக்கவில்லை. சொற்கள் வரிவரியாக, அழகான கையெழுத்தில் இருக்கின்றன. எழுதியவருக்கு மெட்டை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. எந்த வரியில் கைதட்ட வேண்டும், எந்தப் பக்கம் வட்டம் திரும்ப வேண்டும் என்பதை எழுதவும் தேவை இருக்கவில்லை. பக்கத்தில் நின்று ஆடிய அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.